கருகாத மூலை

செவ்வாய்க்கிழமை, காலை 11.50.

மார்கழித் தூறலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருமுனை திரும்பிய பேச்சித்தாய், தன் வீட்டு ஜன்னலிலிருந்து புகை கசிவதைப் பார்த்தாள். ஓடினாள். மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை. திறந்ததும் கறுப்புப் புகை முகத்தில் அடித்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தபோது பாதி மெத்தை போயிருந்தது. கட்டிலில் கிடந்த ப்ரியதர்ஷினிக்கு உயிர் இல்லை. வயது இருபத்தேழு.

12.25-க்கு இன்ஸ்பெக்டர் ஹெலன் வந்தாள். ஏட்டு சண்முகையா அவளுக்கு முன்பே வந்து அறையைச் சுற்றிப் பார்த்திருந்தார்.

"வெல்ட்ரா போன், மேடம். தலைமாட்டுல வெடிச்சிருக்கு. மூணு மாசத்துல நம்ம பக்கம் இது எட்டாவது."

தலையணை இருந்த இடத்தில் கருகிய போன் ஒன்று மெத்தையோடு ஒட்டிக் கிடந்தது. சார்ஜர் வயர் உருகி, சுவர் வரை போயிருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

ஹெலன் சிறிது நேரம் அந்த அறையில் நின்றாள். மேஜையில் சின்னச் சின்ன ஸ்க்ரூடிரைவர்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. வெல்ட்ரா கம்பெனியின் சங்கரன்கோவில் சர்வீஸ் சென்டரில் ப்ரியதர்ஷினிதான் டெக்னீஷியன். அந்தப் போன்களைத் திறந்து பார்ப்பதே அவள் வேலை.

பேச்சித்தாய் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"நீங்க எங்கனம்மா போயிருந்திய?"

"தறி செட்டுக்கு. நூல் சுத்துத வேலை. கரண்டு ரெண்டு மணிக்குத்தான் வரும்னு முதலாளி சொன்னாரு. இருந்த கைவேலையை முடிச்சுக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"ஒங்க மக ஏன் வேலைக்குப் போகல?"

"காய்ச்சலா இருக்குன்னு லீவு போட்டா. நாளைக்குத் திருநெல்வேலியில கேஸுக்குச் சாட்சி சொல்லப் போகணும்னா. ராயகிரிப் புள்ளைக்கு விரலு போச்சுல்லா, அந்தக் கேஸு."

அந்தக் கேஸ் ஹெலனுக்கும் தெரியும். ராயகிரியில் அனு என்ற ஆறு வயதுச் சிறுமி, சார்ஜில் இருந்த வெல்ட்ரா போனை எடுத்து அப்பாவிடம் கொடுக்கப் போனாள். போன் கையிலேயே வெடித்தது. இரண்டு விரல்களும் ஒரு கண்ணும் போயின. அவளுடைய அப்பா மகாராஜன் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தார்.

பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் தானாகவே முன்வந்து சொன்னாள். "பத்து மணிக்கு அந்த ராயகிரிக்காரரு வந்தாரும்மா. பத்தேகாலுக்கு ஒரு ஃபைலைக் கக்கத்துல வச்சிக்கிட்டு வேகமாப் போனாரு. அப்புறம் மழை வலுத்துச்சு, நான் கதவைச் சாத்திட்டேன்."

சண்முகையா குரலைத் தாழ்த்தினார். "மகாராஜன்தான் போன மாசம் வெல்ட்ரா கடையில வந்து, எல்லாத்தையும் கொளுத்திருவேன்னு சத்தம் போட்டவரு, மேடம்."

மதியம் 1.10. பஸ் ஸ்டாண்டுப் பக்கம், சர்வீஸ் சென்டரோடு சேர்ந்திருந்த வெல்ட்ரா கடை பாதி இருட்டில் கிடந்தது. வரிசையாக நின்ற புதுப் போன்கள் எதிலும் வெளிச்சம் இல்லை. மூலையில் இன்வெர்ட்டரில் ஒரே ஒரு சின்ன விளக்கு. முதலாளி செல்வக்குமார் எழுந்து வந்து நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். ஐம்பது வயது. நெற்றியில் திருநீறு. கண்கள் சிவந்திருந்தன.

"உக்காருங்க மேடம். கரண்டு இப்பதான் போச்சு. ஃபேன் கூட இல்லை."

"பரவாயில்ல அண்ணாச்சி. காலையில எங்க இருந்திய?"

"இங்கனதான். நேத்து ராஜபாளையத்துல கம்பெனி மீட்டிங். காலையில நேரா வந்து ஒம்பது மணிக்குக் கடையைத் தெறந்தேன். ப்ரியா லீவு. ஒத்த ஆளாத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"போன் ஏன் வெடிக்குது?"

அவர் பெருமூச்சு விட்டார். "லட்சக்கணக்குல செய்யுத எடத்துல ஒண்ணு ரெண்டு பேட்டரி சரியா அமையாது மேடம். மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட். அந்தப் பீஸை மாத்திக் கொடுத்துருவோம். கம்பெனியே சர்க்குலர் அனுப்பியிருக்கு. பாவிப் புள்ள, அவ கையிலயும் அப்படி ஒரு பீஸு வந்து மாட்டியிருக்கு."

"அவ உங்க கடைக்கு எதிரா சாட்சி சொல்ல இருந்தாளாமே?"

"கம்பெனிக்கு எதிரா. எனக்கு என்ன? ஆனா இன்னொரு போன் வெடிச்சதுன்னா நாளையில இருந்து என் கடைக்கு எவன் வருவான், சொல்லுங்க." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது நியாயமாகத்தான் பட்டது. எட்டாவது போன் வெடித்தது என்ற செய்தியை உலகத்திலேயே அதிகம் வெறுக்கக்கூடிய மனிதர் அவர்தான்.

மாலை 4.00. மகாராஜனைத் தேடி யாரும் போக வேண்டியிருக்கவில்லை. அவரே ஸ்டேஷனுக்கு வந்தார். ஒல்லியான விவசாயி. சட்டையெல்லாம் நனைந்திருந்தது, கையில் இருந்த பிளாஸ்டிக் ஃபைல் மட்டும் நனையவில்லை.

"நான் கொன்னுட்டேன்னு பேசுதாவளாம்," என்றார். "எம்புள்ளைக்காக வாய் தெறந்த ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான். அவளை நான் எதுக்கும்மா கொல்லுதேன்?"

"காலையில எதுக்குப் போனிய?"

"அவ எழுதின ரிப்போர்ட்டை வாங்க. வக்கீலுக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுங்கன்னு சொல்லியிருந்தா. ஜெராக்ஸ் எடுக்கலாம்னு மூணு கடை ஏறி எறங்கினேன், ஒரு கடையிலயும் கரண்டு இல்ல. அசலையே வக்கீல்கிட்ட காட்டிட்டுக் கொண்டுவந்திருக்கேன்."

ஆறு பக்கம். உருண்டையான கையெழுத்து. ஹெலன் வாசலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படித்தாள்.

'இதுவரை ஏழு போன்களைத் திறந்து பார்த்தேன். தயாரிப்பில் ஏற்பட்ட கோளாறு என்றால், ஒரே சமயத்தில் செய்த போன்களில் மட்டும் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கெடும். இந்த ஏழும் வெவ்வேறு மாதங்களில் செய்தவை. ஏழும் ஒரே இடத்தில்தான் கருகியிருக்கின்றன: கேமராவுக்குக் கீழே, மேல் மூலையில். போனை மெல்லிசாக்க வேண்டும் என்று அங்கே பேட்டரிக்கு இடமே விடவில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி லேசாக உப்பும். உப்பினால் அந்த மூலையில் போனின் வெளிச்சட்டத்தில் இடிக்கும். இது செய்தவர்களின் பிழை அல்ல. வரைந்தவர்களின் பிழை. ஆகவே விற்ற ஒவ்வொரு போனிலும் இது இருக்கிறது.'

அடுத்த பக்கத்தில்: 'சார்ஜ் ஏறும்போது மட்டுமே ஆபத்து. வயரைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். சும்மா கிடந்து எந்தப் போனும் வெடித்ததில்லை.'

கடைசிப் பக்கத்தில்: 'சிறுமி அனுவின் போன், விபத்துக்கு ஒரு வாரம் முன்பு சூடாகிறது என்று சர்வீஸுக்கு வந்தது. திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வேலைச் சீட்டில் எழுதி வைத்தேன். மறுநாள் நான் லீவு. போன் அவர்களிடமே திரும்பிப் போய்விட்டது. சீட்டும் மாறியிருந்தது. அசல் சீட்டை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.'

ஹெலன் நிமிர்ந்தாள். இரண்டாவது பக்கத்தை மறுபடியும் படித்தாள். பிறகு மகாராஜனைப் பார்த்தாள்.

"ஜெராக்ஸ் கடையில கரண்டு இல்லைன்னு சொன்னியள்லா. அப்ப மணி என்ன?"

"பத்தரை இருக்கும்."

"ஏட்டய்யா, இன்னைக்குக் கரண்டு எத்தனை மணிக்குப் போச்சு?"

"மாசாந்திர பராமரிப்பு மேடம். ஊர் முழுக்க ஒம்பது மணிக்குப் போயி ரெண்டு மணிக்கு வந்துச்சு."

"ப்ரியா வீட்டுல இன்வெர்ட்டர் உண்டா? பவர்பேங்க் ஏதாவது கிடந்துச்சா?"

"ரெண்டும் இல்ல, மேடம்." சொல்லி முடித்தபின்தான் சண்முகையாவுக்கும் விளங்கியது.

ஹெலன் அரசு மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "டாக்டர், மூச்சுக்குழாயில புகைக்கரி இருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துச் சொல்லுங்க."

புதன்கிழமை, காலை 10.30. கடையநல்லூர். மைதீன் பாட்சா பதினைந்து வருஷம் வளைகுடாவில் போன் ரிப்பேர் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். எந்தக் கம்பெனிக்கும் அவர் ஆள் இல்லை. கருகிய போனை வெள்ளைத் துணியில் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அரை மணி நேரம் நிதானமாகப் பிரித்தார்.

"இது வெடிக்கலம்மா."

"எப்படிச் சொல்லுதிய?"

"உள்ள இருந்து தீ பிடிச்சா பின்மூடி வெளியே தள்ளியிருக்கும். இது உள்ள அமுங்கியிருக்கு. கண்ணாடிப் பக்கம்தான் கரிஞ்சிருக்கு. நீங்க சொன்ன மூலையைப் பாருங்க." பேட்டரியின் மேல் மூலையைக் கம்பியால் தொட்டுக் காட்டினார். வெள்ளி நிறம் மாறாமல் பளபளத்தது. "பக்கத்துல எரிஞ்ச தீ இதையும் சுட்டிருக்கு. அவ்வளவுதான். பேட்டரி வெடிச்சிருந்தா உள்ள ஒண்ணும் மிஞ்சியிருக்காது. இப்ப பாருங்க, போர்டு அப்படியே இருக்கு. அல்லாவே காப்பாத்தி வச்சிருக்கான். சென்னையில லேப்ல கொடுத்தா உள்ள இருக்க படம், பேச்சு எல்லாம் எடுத்துருவாங்க."

அவள் ஜீப்பில் ஏறும்போது டாக்டர் கூப்பிட்டார். மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தது. தீ பிடித்தபோது ப்ரியதர்ஷினி மூச்சு விட்டுக்கொண்டிருக்கவில்லை. உதட்டின் உள்பக்கம் பல் பதிந்த காயம். முகத்தில் எதையோ வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

பிற்பகல் 3.15. வெல்ட்ரா கடையில் இப்போது எல்லா விளக்கும் எரிந்தன. ஹெலன் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். செல்வக்குமார் சிரிக்க முயன்றார்.

"அண்ணாச்சி, ப்ரியா போன் வெடிச்சுச் சாகல. அவளை அமுக்கிக் கொன்னுட்டு, மெத்தையில தீ வச்சு, போனைப் பக்கத்துல போட்டிருக்காங்க. சார்ஜரை மாட்டி சுவிட்சையும் போட்டிருக்காங்க. ஊர்ல கரண்டு இல்லாத நேரத்துல."

அவர் பாதி இறங்கிய ஷட்டரைப் பார்த்தார்.

"இதைச் செஞ்சவனுக்குக் கரண்டு இல்லைன்னு தெரியாது. நல்ல பகல், குளிரு, ஃபேன் தேவையில்ல. ஆனா ஒம்பது மணியில இருந்து ஊருக்குள்ள இருந்த யாரா இருந்தாலும் தெரிஞ்சிருக்கும். பேச்சித்தாய்க்குத் தெரியும். மகாராஜன் ஜெராக்ஸுக்கு மூணு கடை ஏறி எறங்கிட்டாரு. நீங்க மட்டும் மத்தியானம் ஒண்ணு பத்துக்கு என்ன சொன்னிய? கரண்டு இப்பதான் போச்சுன்னு. ஒம்பது மணிக்குக் கடையைத் தெறந்தவருக்கு நாலு மணி நேரமா கரண்டு இல்லாதது தெரியாதா? நீங்க கடைக்கு வந்தே அப்ப கொஞ்ச நேரம்தான் ஆயிருக்கும்."

"பேச்சுக்குச் சொன்னதும்மா…"

"ராஜபாளையம் ரோட்டுல பங்க் கேமரா இருக்கு. நேத்து பத்து பதினெட்டுக்கு உங்க கார் ஊருக்குள்ள நுழையுது. நேரா அவ வீட்டுக்குப் போயிருக்கிய. முதலாளிதானேன்னு அவளும் கதவைத் தெறந்திருக்கா. இன்னொரு போன் வெடிச்சா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு. ஆனா அந்தச் சீட்டு வெளியே வந்தா உங்களுக்கு ஜெயிலு. ஆபத்துன்னு அவ எழுதி வச்ச போனை எடுத்து, சீட்டை மாத்தி எழுதி, அனு வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தது நீங்க."

செல்வக்குமார் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு நாளைக்கு நாலு பேரு சூடாகுதுன்னு வாரான்," என்றார். "எல்லாத்தையும் வாங்கி வச்சா கடையை மூட வேண்டியதுதான். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். அந்தப் படத்தை மட்டும் அழிச்சிருன்னு கெஞ்சினேன் மேடம். மாட்டேன்னுட்டா. அந்தப் புள்ள கண்ணு போயிருச்சு அண்ணாச்சின்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. அவ வாயை மூடணும்னுதான்… தலகாணியை…"

"அவ ரிப்போர்ட்டைப் படிச்சியளா?"

"இல்ல."

"ஆறு பக்கம்தான். படிச்சிருந்தா எந்த மூலை கருகணும்னாவது தெரிஞ்சிருக்கும்."

சண்முகையா அவரைக் கையைப் பிடித்து எழுப்பினார்.

வியாழக்கிழமை, காலை 7.30. இறுதிச் சடங்கு முடிந்த வீடு. தெருவில் வாழைமட்டைகளும் நசுங்கிய பூவும் மழையில் ஊறிக் கிடந்தன. ஹெலன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பேச்சித்தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேறு யாரிடமிருந்தும் இது அவள் காதுக்குப் போகக் கூடாது என்று நினைத்திருந்தாள்.

சொன்னாள். யார், எதற்காக, எப்படி என்று. ரிப்போர்ட்டை ஆணையம் ஏற்றுக்கொள்ளும் என்று வக்கீல் சொன்னதையும், மைதீன் பாட்சா சாட்சிக்கு வருவதாக ஒத்துக்கொண்டதையும், ஏழு போன்களையும் காட்டி அந்த மாடல் விற்பனையையே நிறுத்தக் கேட்கப்போவதையும் சொன்னாள். "உங்க மக எழுதினதுதான்மா அவனைப் பிடிச்சுக் கொடுத்துச்சு."

பேச்சித்தாய் எல்லாவற்றையும் கேட்டாள். ஈரச் சேலையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தா," என்றாள் கடைசியில். "அசந்து தூங்கியிருப்பா, புகையிலயே போயிருப்பா, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாளா அதை நெனச்சித்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சேன்."

ஹெலனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"முழிச்சிக்கிட்டுத்தானே இருந்திருக்கா. அப்ப என்னையக் கூப்பிட்டிருப்பால்லா?"

வெளியே சண்முகையா ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஹெலன் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.