நெகிழ்ச்சி என்று எழுதிவிட்டார்கள்

முனைவர் பொற்கோமான் விளையாட்டை முடித்துத் தலைவளையத்தைக் கழற்றியபோது, சுவரிலிருந்த நெகிழ்வுமானி தொண்ணூற்றாறு காட்டியது. நாற்பதைத் தாண்டினால் ஆபாசம். நாவலோ கணினி விளையாட்டோ, கட்டில் காட்சி இருந்தால் அது கலை வாரியத் தலைவரான அவர் தலையில் ஏறி இறங்கித்தான் ஊருக்குள் போகவேண்டும்.

“அந்தக் காட்சியை எடுத்துடுங்கம்மா” என்றார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

விளையாட்டை உருவாக்கிய அம்சவேணி அசையவில்லை. ஆறு வருட உழைப்பு. அந்தக் காட்சியை எடுத்தால் மிஞ்சுவது ஒரு தம்பதி வீடு மாற்றும் கதைதான். அந்தக் காட்சியில், புற்றுநோய்க்கு மார்பை அகற்றியபின் முதன்முறையாக மனைவியின் ரவிக்கைக் கொக்கிகளைக் கணவன் கழற்றுகிறான். கழற்றும் கை ஆடுபவருடையது. நான்காவது கொக்கியில் அவள் கை வந்து தடுக்கும். அவசரப்பட்டால் விளக்கு அணைந்துவிடும். காத்திருந்தால் அவளே அவன் கையைத் தழும்பின் மேல் எடுத்து வைப்பாள். பொற்கோமான் காத்திருந்தார்.

“அழுதீங்களா ஐயா?”

“தூசிம்மா.”

“தூசிக்குத் தொண்ணூத்தாறா?”

கருவியை இயக்கும் ஜெசிந்தா சிரிப்பை விழுங்கினாள்.

“போன வாரம் ‘மன்மதக் கொட்டகை’க்கு உயர்கலைன்னு சான்றிதழ் கொடுத்தீங்க. அதுல துணி போட்ட ஆளே கிடையாது” என்றாள் அம்சவேணி.

“அதுக்கு மூணுதான் வந்துச்சு மேடம். ஐயா கொட்டாவி விட்டாரு” என்றாள் ஜெசிந்தா.

“இந்த மெஷின் எதைத்தான் அளக்குது?”

“தொண்டை அடைக்கறது, கண்ணு கலங்கறது. ‘உடல் நெகிழ்ச்சி ஏற்பட்டால் ஆபாசம்’னு வாரியம் எழுதிக் கொடுத்தாங்க. நெகிழ்ச்சியைத்தான் அளக்கறோம்.”

“நாங்க சொல்ல வந்தது அது இல்லம்மா” என்றார் பொற்கோமான்.

“பின்னே எது சார்?” என்றாள் ஜெசிந்தா.

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “அதான்... அது.”

அம்சவேணிக்குப் புரிந்துவிட்டது. விதியை எழுதிய பதினோரு பேரும் தமிழறிஞர்கள். பச்சையாக எழுதக் கூசி, இடக்கரடக்கலாக ‘நெகிழ்ச்சி’ என்று எழுதியிருக்கிறார்கள். பொறியாளர்களுக்கு அடக்கியது தெரியவில்லை. அகராதியைப் பார்த்துக் கருவியைச் செய்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகளாக நாட்டில் மனத்தைத் தொட்டதெல்லாம் ஆபாசம். யாரையும் ஒன்றும் செய்யாததெல்லாம் கலை.

“ஒரே ஒரு சொல் ஐயா. உள்ளதை உள்ளபடி எழுதித் திருத்திடுங்க. என் காட்சி பிழைச்சுக்கும்.”

“தீர்மானப் புத்தகத்துல பெண் உறுப்பினர்களும் கையெழுத்துப் போடணுமேம்மா.”

“நாங்க தாங்கிக்குவோம் சார்” என்றாள் ஜெசிந்தா.

கால் மணி நேரம் பேனாவைத் திறந்து மூடியபின் எழுதினார்: ‘உடல் நெகிழ்ச்சி என்பதை, இடைக்குக் கீழ் எழும் உணர்ச்சி எனத் திருத்துக.’

“பாருங்க, கண்ணியமும் கெடலை, பொருளும் கெடலை” என்று காகிதத்தைத் தள்ளி வைத்து ரசித்தார்.

மறுமாதம் கருவி திருந்தி வந்தது. அம்சவேணியின் காட்சிக்கு இரண்டு. பொற்கோமான் மறுபடி அழுதார்; இம்முறை அதைக் கருவி கண்டுகொள்ளவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு அவள் எழுந்தபோது அவர் தடுத்தார்.

“இருங்கம்மா. தரமான இலக்கியம் ஒண்ணை வெச்சும் கருவியைச் சோதிச்சுடுவோம்.”

தரமான இலக்கியம் என்பது அவரே இயற்றிய எண்ணூறு பக்கக் காதல் காவியம். உறுப்பினர்கள் வளையம் மாட்டி மர நாற்காலிகளில் வரிசையாக அமர, அவரே ராகம் போட்டு வாசித்தார். இரண்டாம் மணி நேரத்தில், தலைவி கிளியிடம் புலம்பும் இடத்தில், முள் ஏறத் தொடங்கியது. ஐம்பது. எழுபது. தம் வரிகளில் இவ்வளவு சூடா என்று அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை அம்சவேணி பார்த்தாள். மூன்றாம் மணி நேரத்தில் தொண்ணூற்றெட்டு. சிவப்பு விளக்கு எரிந்தது. காவியம் தடை.

எழுந்திருக்க முயன்ற ஒரு புலவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கால் மரத்துப் போச்சுங்க. இடுப்புக்குக் கீழ ஒரே ஊசி குத்தல்.”

ஜெசிந்தா படிவத்தை எடுத்தாள். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். கேட்டவங்களுக்குக் கால் மரத்துடுச்சுன்னு எழுதினா தடையை நீக்கிடலாம். இல்ல, ஆபாசம்னே விட்டுடவா?”

பொற்கோமான் காவியத்தை மூடி, அட்டையிலிருந்த தம் படத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“ஆபாசம்னே போட்டுடும்மா.”