வெற்றிலை பாக்கோடு வந்த துணி

மத்தியானத் தூக்கத்திலிருந்து மகளை எழுப்பப் போன ஷ்யாமளா, போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். மானஸாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு துணிக் கிழிசலால் கட்டியிருந்தது.

விளையாட்டாகக் கட்டிக்கொண்டது போல இல்லை. இறுக்கமான, பழகிய கை போட்ட முடிச்சு. நாலு வயதுக் குழந்தைக்கு ஷூ லேஸே கட்ட வராது. விரல்களை அப்படிச் சேர்த்துக் கட்டுவது யாருக்கு என்று தெரியாமல் வளர்ந்தவளா ஷ்யாமளா? நகத்தால் நெம்பி அவிழ்ப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

"யாருடா செல்லம் கட்டினா?"

"த பிளாங்கெட் டிட் இட்," என்றது குழந்தை, கொட்டாவி விட்டபடி.

ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் வந்த கணவன் கஸ்தூரிரங்கன், டையைத் தளர்த்திக்கொண்டே விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"கார்ட்டூன் பார்த்துக் கத்துண்டிருப்பா. நீ நாள் பூரா ஆத்துல சும்மா உக்காந்துண்டு எதையாவது கற்பனை பண்ணிக்காதே."

சும்மா! எம்.எஸ்ஸி. படித்தவளை வேலைக்குப் போகக்கூடாத விசாவில் கட்டிக் கூட்டிவந்து, ஹூஸ்டனில் ஒரு வீடு, இப்போது நியூஜெர்சி ஐசலினில் ஒரு வீடு என்று பெட்டி கட்ட வைத்தவன் சொல்கிற சொல். அவள் சாதம் போட்டாள். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல்தான் அவள் அந்தப் போர்வையையே தைக்க ஆரம்பித்திருந்தாள்.

துணிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்கத் தமிழ் வீடுகளில் ரவிக்கைத் துணிக்கு ஆயுசு கெட்டி. கொலுவுக்கு வந்தவளுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்கள். அவள் அதைத் தைக்க மாட்டாள், அடுத்த வீட்டுக்காரிக்கு வைத்துக் கொடுப்பாள். அலமாரிக்கு அலமாரி சுற்றி மடிப்பு நைந்துபோகும், ஊசி மட்டும் படாது. குடியிருப்புக்குப் புதிதாய் வந்திருந்த ஷ்யாமளா, பொங்கல் சாப்பாட்டின்போது வாய்விட்டுக் கேட்டாள், யாருக்கும் வேண்டாத துணியெல்லாம் எனக்குக் கொடுங்களேன், குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறேன் என்று. பேச்சு சட்டென்று நின்றது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சரி என்றார்கள். அன்று சாயங்காலமே ஒருத்தி கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடிவந்து துணியைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். எவ்வளவு நல்ல மனுஷிகள் என்று நெகிழ்ந்துபோனாள் ஷ்யாமளா, பாவம்.

கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று சதுரம் சதுரமாக வெட்டி, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்து முடித்தபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் சூடு ஏறவே இல்லை. குழந்தை ராத்திரி முழுக்கப் போர்த்திப் படுத்தாலும் காலையில் தொட்டால் தரைபோல ஜில்லென்றிருந்தது. ஒரு வாசனையும் இருந்தது. மேலே பன்னீர், சந்தனம். அதற்கு அடியில் ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட மாதிரி மூக்கை அரிக்கும் மருந்து நெடி. பேஸ்மென்ட் மெஷினில் போட்டுத் துவைத்தாள். பன்னீர் போயிற்று, நெடி போகவில்லை.

மறுநாள் போர்வையைச் சுருட்டி க்ளாஸெட்டின் மேல்தட்டில் போட்டுக் கதவைச் சாத்தினாள். மத்தியானம் மானஸாவுக்குப் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டு ஹாலில் துணி மடித்தாள். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. ஹீட்டர் குழாய் டக் டக்கென்று தட்டி, சற்று நின்று, மறுபடி தட்டியது. நாலரை மணிக்கே ஜன்னல் நீலம் பாரித்து, மூலைகளில் இருட்டு வந்து உட்கார்ந்தது. ஹீட்டர் நின்றபோதுதான் அந்த இன்னொரு சத்தம் கேட்டது. துணி கிழிகிற சத்தம். நிதானமாக, நீளமாக, யாரோ அளந்து கிழிப்பது போல.

படுக்கையறைக்கு ஓடினாள்.

க்ளாஸெட் சாத்தியபடியே இருந்தது. போர்வை குழந்தையின் மேல் இருந்தது. மானஸா விறைப்பாக, மல்லாந்து, கைகளை மார்பில் சேர்த்துப் படுத்திருந்தாள். மோவாய்க்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்த மாம்பழ மஞ்சள் துணி. வாய் திறக்க முடியாமல், கண் மட்டும் அகலத் திறந்து அம்மாவைப் பார்த்தது குழந்தை.

அவிழ்த்து, வாரியெடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு சாந்தாமணிக்குப் போன் போட்டாள். குடியிருப்பில் எல்லோருக்கும் ஆன்ட்டி அவள்தான். துணி கேட்டபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சரி சொன்னவளும் அவள்தான்.

"ஆன்ட்டி, அந்தத் துணியெல்லாம் எங்கேர்ந்து வந்தது?"

மறுமுனையில் சாந்தாமணி ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி, என் கொழந்தையைக் கட்டறது!"

"நீயாத்தானே கண்ணு கேட்டே..." என்று இழுத்தாள் சாந்தாமணி. பிறகு கடகடவென்று கொட்டினாள். "உங்களுக்கு முன்னால அந்த வீட்டுல கிட்டுசாமி சம்சாரம் நாகரத்தினம் இருந்தா. போன வருஷம் சுமங்கலியாப் போய்ட்டா. ஊர்ல இருந்து ஒருத்தருக்கும் விசா கிடைக்கல. நாங்கதான் ஆளுக்கொரு ரவிக்கைத் துணி அவ மேல கோடி போட்டோம். ஃபியூனரல் ஹோம்காரன் வெள்ளைக்காரன், அவனுக்கு என்ன தெரியும்? எரிக்கிறதுக்கு முன்னால எல்லாத்தையும் எடுத்து, அழகா மடிச்சு, பையில போட்டுக் குடுத்துப்போட்டான். கிட்டுசாமி ஊருக்குப் போறப்ப எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு. புதுத் துணிதானே, வீணாப் போகுதேன்னு கொலுவுக்கு வெச்சுக் குடுத்தேன். அவங்கவங்க போட்டது அவங்கவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மஞ்சள் குங்குமத்தோட வாங்கினதத் தூக்கி எறியவும் பயம், வெச்சுக்கவும் பயம். அப்பத்தான் நீ வந்து கேட்டே..."

"எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர."

"எங்களுக்கெல்லாம் புள்ளைங்க இருக்குதே கண்ணு."

அப்போது இவள் இடுப்பில் இருப்பது என்னவாம்?  ஷ்யாமளா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே குழந்தையை இறக்கிவிட்டாள். போர்வையைக் கறுப்புக் குப்பைப் பையில் திணித்து, வாயை முறுக்கிக் கட்டி, பால்கனிப் பனியில் எறிந்து கண்ணாடிக் கதவைப் பூட்டினாள்.

"மானு, உன் ஜாக்கெட்டை எடுத்துண்டு வா. வெளில போலாம்."

குழந்தை படுக்கையறைக்குள் ஓடிற்று.

வரவில்லை.

"மானு?"

உள்ளே முணுமுணுப்பு. பல பெண்கள். புடவைகள் உரசும் சத்தம். வாசல் கதவைப் பார்த்தாள். சங்கிலி போட்டது போட்டபடி.

"லைன்ல இருக்கியா கண்ணு?" என்றது போன்.

படுக்கையறையில் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வெறுங்கால்கள். ஈரமே இல்லாத கால்கள். கட்டில் நடுவில், மல்லாந்து, மானஸா.

"எப்ப எடுக்கறாங்க?" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்.

"என் கொழந்தை உயிரோட இருக்கா!"

யாரும் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் கைகள் வந்து அவளை அணைத்துப் பிடித்தன. ஜில்லென்ற கைகள்.

"அழுதுடு கண்ணு. மனசுல வெச்சுக்காதே," என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி.

"ஹலோ? ஹலோ?" என்றாள் போனில் சாந்தாமணி.

"மம்மி," என்றது குழந்தை.

தலைமாட்டிலிருந்து ஒரு கை நீண்டு, குழந்தையின் இமைகளை மெல்லத் தடவி மூடியது. இமைகள் திறந்தன. கை பொறுமையாக மறுபடி மூடியது. திறந்தன. மூடியது.