குழாயடிப் படம்

தன் வீட்டு ஹாலில் தொங்கும் புகைப்படம், உச்சி வெயில் நேரத்தில் இரண்டு டிரம் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பமும் விடும் என்றார் அந்தோணிமுத்து. சர்ச் வாசலில் நின்றுகொண்டு நெஞ்சில் சிலுவை வேறு போட்டுக்கொண்டார். அவர் இதுவரை விட்ட கதைகளை அடுக்கினால் மலைக்கோட்டைக்கு இன்னொரு படிக்கட்டே கட்டலாம். அதனால் ரொனால்டு ஆச்சரியப்படவில்லை. பக்கத்துச் செடியில் துப்பினார்.

ரொனால்டு துப்புவது ஊரில் பிரசித்தம். எது பிடிக்காவிட்டாலும் துப்புவார். ரிட்டயர் ஆனபின் எதுவுமே பிடிக்காமல் போனதால், கோடையில்கூட அவர் தெருவில் மட்டும் புழுதி கிளம்பியதில்லை. பழைய போட்டோக்களைப் பார்த்து ஏங்குகிற ஆசாமிகள் என்றால் தனிக் காறல். பங்குத் திருவிழாவுக்கு ‘அன்றைய திண்டுக்கல்’ என்று படக் கண்காட்சி வைக்கிற வேலை, பாருங்கள், அவர் தலையில்தான் விழுந்தது. கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொருத்தரையும் கரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். அந்தோணிமுத்து ஒருவர்தான் தரமாட்டேன் என்று தண்ணீர்க் கதை சொன்னார்.

“குடுங்கண்ணே. என் வீட்ல மாட்டுறேன். எம்புட்டுக் குடிக்குதுன்னு நானும் பாக்குறேன்.”

“வேணாம் அப்பு. வீட்ல ஷைனி மாசமா இருக்கா.”

“ஏன், படத்துக்கும் சேத்துப் பிரசவம் பாக்கணுமோ?”

ரொனால்டின் மகள் ஷைனி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தையைச் சுற்றித் தண்ணீர் கம்மியாக இருக்கிறது, நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் அடுப்படியில் இரண்டு டிரம் தளும்பத் தளும்ப, அவள் ஒருத்திக்காகவே, மூடிமேல் செங்கல் வைத்துக் காத்திருந்தது. உலகத்தில் ரொனால்டு துப்பாமல் பார்க்கிற ஒரே முகம் அவளுடையது.

படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிவந்து, ஷைனி படுத்திருந்த அறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். மனைவி பிரிஸ்கில்லா சேவுகம்பட்டிக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தாள். கத்திரி வெயில். கரண்டும் போயிருந்தது.

படத்தில் ஒரு தெருக்குழாய். அதன்முன் பித்தளைக் குடங்களோடு பெண்களின் நீண்ட வரிசை, பின்னால் வெளிறிப்போன மலைக்கோட்டை. எல்லாரும் குழாயைப் பார்த்தபடி நின்றதால் முகம் தெரியவில்லை. புடைத்த கழுத்து நரம்புகள்தான் தெரிந்தன. குழாய் வாயில் ஒரு சொட்டு இல்லை. இதைப் பார்த்துத்தான் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று உருகுகிறார்களாம்.

“பொற்காலமாம். வரிசையில நின்னே செத்ததுக” என்று சொல்லி, படத்தின் கண்ணாடிமேலேயே காறித் துப்பினார்.

எச்சில் வழியவில்லை. விழுந்த இடத்திலேயே, கண்ணாடிக்குள் இழுத்துக்கொண்டதுபோல மறைந்தது. வெயில்தான் உறிஞ்சியிருக்கும் என்று ரொனால்டு நாற்காலியில் சாய்ந்தார்.

விசிறி நின்றுபோன வீட்டில், ஜன்னல் வழியே வந்த அனலோடு புளி போட்டுத் துலக்கிய பித்தளையின் வாசனையும், பல நாள் வியர்வை காய்ந்த சேலைகளின் வாசனையும் கலந்து மெல்ல ஹால் முழுவதும் நிறைந்தன. அடுப்படியிலிருந்து களக், களக் என்று தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு தொண்டை குடித்து முடித்ததும் அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. அவசரமில்லாமல், முறை வைத்து.

“அண்ணே, பின்வாசல் வழியா வந்து வெளாடுறீகளா? இந்த வயசுல கேவலமா இல்ல?”

சத்தம் நின்றது.

எழுந்து போய்ப் பார்த்தார். பின்வாசல் உள்தாழ் போட்டபடி இருந்தது. டிரம்களின் மேல் செங்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றைத் தூக்கி மூடியைத் திறந்தார். அடியில் ஈரம்கூட இல்லை. புழுதி. இரண்டாவதைத் திறந்தார். புழுதி.

த்தூ என்று துப்பப் பார்த்தார். வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன் வாயே தன்னுடையது இல்லாததுபோல, மரப்பட்டை மாதிரி இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ரொனால்டிடம் துப்ப எதுவும் இல்லை.

“அப்பா.” ஷைனியின் குரல். “தாகமா இருக்குப்பா.”

ஓடினார். தலைமாட்டில் அவர் நிரப்பி வைத்த பாட்டில் காலி. அவள் உதடுகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தாள். காலையில் மேடாக இருந்த வயிறு தணிந்திருந்தது.

“பாப்பா அசையவே மாட்டேங்குதுப்பா.”

பின்னால் பித்தளை உரசியது. கிணுக்.

திரும்பினார்.

சுவரில் படம். குழாய். மலைக்கோட்டை. வரிசையும் அப்படியே.

முகங்கள் தெரிந்தன.

எல்லாரும் திரும்பி நின்றார்கள். ஷைனியின் அறையைப் பார்த்து. கன்னம் ஒட்டி, உதடு மட்டும் ஈரமாக.

முன்னால் நின்றவள் குடத்தை இடுப்பில் ஏற்றியிருந்தாள். விளிம்பு வரை தண்ணீர். அது அசைந்தது. உள்ளே ஏதோ புரண்டது. ஒரு சின்னக் குதிகால் தண்ணீரை உதைத்துவிட்டு அடியில் போனது.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. விரல் தானாகத் தொட்டது.

“என்ன அப்பு,” அந்தோணிமுத்துவின் குரலில் சிரிப்பு, “குடிச்சுச்சா இல்லையா?”

அப்போது சுவரிலிருந்து வந்தது. நீளமாக. நிறைவாக. வரிசை முழுவதும் சேர்ந்து.

“ஏப்பம் விடுதுண்ணே” என்றார் ரொனால்டு.

மறுமுனையில் சிரிப்பு அறுந்தது.

“ஏப்பத்த மட்டும் நான் கதைக்காகச் சும்மாவுல்ல சேத்துச் சொன்னேன்.”

“இல்லண்ணே.” காய்ந்த தொண்டையிலிருந்து வார்த்தை பொடிப்பொடியாக உதிர்ந்தது. “விட்டுருச்சு.”