உச்சியில் ஒரு சுழி

பொய்முடிக்குச் சுழி இருக்காதே.

யூலியாவின் விரல்கள் உச்சியில் நின்றுவிட்டன. எந்தத் தலை கிடைத்தாலும் முதலில் உச்சியில் எண்ணெய் வைப்பது அவளுடைய கைப்பழக்கம். சலூனின் பொம்மைத் தலையில் மாட்டியிருந்த இந்த நீளக் கருமுடிக்கும் அப்படித்தான் வைத்துவிட்டாள். அடியில் துணி இல்லை, வலையும் இல்லை. வறண்டு சுருங்கிய, பிள்ளைத்தலை அளவே ஆன தோல், தேங்காயெண்ணெயைக் குடித்துக் குடித்து மெல்ல இளகிக்கொண்டிருந்தது. ஷாம்பு வாசனைக்குள்ளிருந்து பழைய புகையின் வாடை எழுந்தது. வெளியே டுசல்டோர்ஃப் தெருவில் டிராம் ஒன்று ஈரத் தண்டவாளத்தில் நீளமாகக் கிறீச்சிட்டுப் போனது.

"அக்கா, இது ஆரின்ரையோ தலைத்தோல். சின்னப்பிள்ளையின்ரை."

சலூன்காரி கமலநாயகி நிமிரவில்லை. "முடியைத்தானே பின்னச் சொன்னவர். உன்ரை தலையையோ கேட்டவர்?"

அதைக் கொண்டுவந்த ஜெர்மன் கிழவர் ஜன்னலோரம் இறகுகளை வகைபிரித்துக்கொண்டிருந்தார். செவ்விந்தியர் வேடமிட்டுக் கூடாரம் அடிக்கும் கழகமொன்றின் தலைவர். சனிக்கிழமை விழாவுக்கு இதை அணியப்போகிறார். அமெரிக்காவில் நிலம் பிடிக்கப்போன பூட்டனார் அனுப்பியதாம்.

"அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள்?" யூலியா ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"பாவம், அழிந்துபோனார்கள்." மழை விட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். "எங்களுக்கு அவர்கள்மேல் அவ்வளவு அன்பு." அவளுடைய சடையைப் பார்த்துச் சிரித்தார். "நீங்களும் ஒருவகை இந்தியர்தானே. உங்கள் கைக்கு இது வரும்."

அழிந்துபோனார்களாம். அந்தப் பூட்டன் உரித்தானோ, வாங்கினானோ, அவன் வம்சம் சொல்கிறது.

கமலநாயகி அருகில் வந்தாள். "பேசாமல் பின்னு பிள்ளை. நான் கையெழுத்து வைச்சாத்தான் உனக்கு விசா."

யூலியா முடியை மூன்று கால்களாகப் பிரித்தாள். ஒரு கால் மற்றதன்மேல். தோல் சுட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைபோல. விளக்கின் சூடு என்று நினைத்தாள். விளக்கு எட்டத்தில் இருந்தது.

இன்னும் ஒரு கால்.

பின்னும்போது பிள்ளைகள் தலையைக் கைக்குள் சாய்ப்பார்கள்.

அது சாய்ந்தது.

பொம்மை அசையவில்லை. தோல் மட்டும் வழுக்கி, அவள் உள்ளங்கையில் ஒரு முழுத் தலையின் கனத்தோடு படுத்தது.

கிழவர் எழுந்து வந்து கையை நீட்டினார். "முடிந்ததா? தாருங்கள்."

முகம் இருந்திருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, சூடான சிறு மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. விலகியது. பட்டது.

"ஏலாது" என்றாள் யூலியா, தமிழில், குரலை உயர்த்தாமல்.