லிஃப்ட் சுவருக்கு இந்தப் பக்கம்

இரண்டு தோளும் விண்விண்ணென்று வலித்தன. அம்மா மாடிப்படிகளைத் துடைக்கத் துடைக்க, பின்னாலேயே தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தாள் குருவி. ஓயாமல் பேசுகிறவளுக்கு அம்மா வைத்த பெயர் அது.

அந்தக் கட்டடத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் லிஃப்ட். அது அசைந்தால் பாத்திரமெல்லாம் அதிரும். மூன்றாம் மாடிப் பையன் அவளைப் "படிக்கட்டு எலி" என்பான்.

"நம்மள வைக்கக் கடவுளுக்கு வேற இடமே கிடைக்கலையாம்மா?"

"எதுக்கு வெச்சாருன்னு எனக்கும் தெரியாதுடி. சும்மா வெச்சிருக்க மாட்டார்னு நம்புறேன். நீ கொஞ்சம் படு. நான் மொட்டை மாடியப் பெருக்கிட்டு வந்துடறேன்."

அம்மா போனாள். சிறிது நேரத்தில் கரண்டும் போனது.

டொம்! டொம்! சுவருக்குள்ளிருந்து சத்தம். குருவி காதை வைத்துக் கேட்டாள்.

"யாராவது இருக்கீங்களா?" மூன்றாம் மாடிப் பையனின் குரல்!

"எலி இருக்கேன். எங்க மாட்டிக்கிட்ட?"

"லிஃப்ட்ல. ஒரே இருட்டு. இவ்வளவு கத்துறேன், ஒருத்தருமே வரல."

எப்படி வருவார்கள்? பகலில் எல்லா வீடும் பூட்டிக் கிடக்கும். அவன் குரல் கேட்பது இந்த ஒரு அறையில்தான்.

"இரு, மேல போய் அம்மாவக் கூட்டிட்டு வர்றேன். அவங்ககிட்டதான் போன் இருக்கு."

"போகாத!" அழுதுவிட்டான். "தனியா பயமா இருக்கு."

குருவி யோசித்தாள். படிக்கட்டு லிஃப்டைச் சுற்றித்தானே ஏறுகிறது? கைப்பிடியும் இரும்பு. ஒரு கரண்டியை எடுத்தாள்.

"மேல வரைக்கும் தொண்ணூத்தாறு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தட்டு தட்டுறேன், எண்ணிக்கிட்டே இரு. சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம்."

"தப்பா எண்ணிட்டா?"

"திரும்ப ஏறச் சொல்லிடாதப்பா. தோள் போச்சு!"

டங். டங். டங். வலித்த கையோடு தட்டிக்கொண்டே ஏறினாள். விஷயத்தைக் கேட்டதும் அம்மா லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். குருவி டங், டங் என்று தட்டியபடியே இறங்கினாள்.

"போகும்போது தொண்ணூத்தஞ்சுதான்!" என்றான் உள்ளேயிருந்து.

"ஒரு படியில மூச்சு வாங்கிட்டேன்."

மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆனது. குருவி வாய் மூடவில்லை.

"உனக்கு வாயே வலிக்காதா?"

"பேசாம இருந்தாத்தான் வலிக்கும்."

சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எலின்னு சொன்னது தப்பு. உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துத்தர்றேன்."

"ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டவா?"

"முதல்ல விழாம உட்காரு."

கதவு திறந்தது. வியர்த்து வழிய வெளியே வந்தவனுக்கு அம்மா தண்ணீர் கொடுத்தாள். மூன்று டம்ளர் குடித்தான்.

அன்று மாலை தோளில் தைலம் தேய்த்த அம்மாவிடம் குருவி கேட்டாள்: "இதுக்குத்தான் நம்மள இங்க வெச்சாராம்மா?"

"இதுக்கும் இருக்கும். வேற எதெதுக்கோ, யாரு கண்டா? ஆடாம இரு."

இப்போது மூன்றாம் மாடிப் பையன் படியில்தான் ஏறுகிறான். போகும்போதெல்லாம் அவர்கள் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவான். சைக்கிள் கற்றுத் தருவது மட்டும் இன்னும் பாக்கி.