எட்டாவது சீட்டு

நூலகர் வைத்தது ஏழு சீட்டுகள். பரிசுப் பெட்டிக்கு அடியில் கிடந்தது எட்டாவது.

அதைக் கண்டெடுத்தவளை வீட்டில் துப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைந்துபோன சாவி, கம்மல், மூக்குக்கண்ணாடி எதுவானாலும் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவாள். "உன்னைத் துப்புக் கெட்டவள்னு திட்டக்கூட வழியில்லையேடி" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். வயது பதினாறு. நூலகத்தில் விடுமுறைப் புதையல் வேட்டை நடந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் நாலாவது சீட்டோடு மாடியில் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். இவளோ ஏழு புதிர்களையும் அவிழ்த்துவிட்டு, இரட்டைப் பின்னல் போட்ட எட்டு வயதுத் தங்கை சுண்டுவையும் இழுத்துக்கொண்டு நிலவறைக்கே வந்துவிட்டாள்.

பழைய செய்தித்தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டி அடுக்கியிருந்த நீண்ட அறை அது. உளுத்த காகிதமும் காய்ந்த பசையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. கூரையை ஒட்டி, கம்பி போட்ட ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. நாலு மணி வெயில் அதில் சரிந்து விழுந்து, எதிர்ச்சுவரில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

துப்பு படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டினாள்.

"மேடம், எட்டாவது சீட்டும் இருக்கா?"

அவள் குரல் படியேறிப் போய்ச் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே நூலகரின் குரல்.

"ஏழுதான்மா வெச்சேன். பெட்டியை எடுத்துக்கிட்டு மேல வா."

போயிருக்கலாம். ஆனால் கை அதற்குள் சீட்டைப் பிரித்துவிட்டிருந்தது.

நீ பேசினால் பேசும், நீ நின்றால் நிற்கும். உன்னை முந்தி ஒரு சொல்லும் சொல்லாது.

எதிரொலி. கேள்வி முடிவதற்குள் விடை வந்து உட்கார்ந்துவிடும் தலை அவளுடையது. பள்ளியில் அதற்காகவே கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

"இதோ வரேன் மேடம்" என்றாள்.

குரல் எங்கும் போகவில்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல் வாயை விட்டதும் விழுந்தது. மறுபடி கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கத்தினாள். சொற்கள் அவள் காலடியைக்கூடத் தாண்டவில்லை.

"அக்கா, ஏன் மெதுவாப் பேசுற?" என்றாள் சுண்டு.

"ஒண்ணுமில்ல. வா, போலாம்."

சொல்லும்போதே கண் ஒரு செய்தித்தாள் கட்டின் மேல் போய் நின்றது. மஞ்சளேறிய காகிதங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு நுனி. இந்த முறை அவள் கையைக்கூட நீட்டவில்லை. எழுத்து வெளியே தெரியும்படிதான் செருகியிருந்தது.

சுவரில் பிறந்தவன், சுவராக நிற்பவன். தள்ளினால் வழிவிடுவான்.

வேண்டாம் என்று நினைத்தாள். நினைப்பதற்குள் கதவு என்று வந்துவிட்டது.

திரும்பினாள். சுவர். பூச்சு உதிர்ந்த அதே பழஞ்சுவர், மூலையிலிருந்து மூலைக்கு. கதவு இருந்த இடத்தின் மேலே ஈரக்கறை ஒன்று பல வருடமாக அங்கேயே ஊறியதுபோல் ஓடியது. கையை வைத்துத் தடவினாள். சில்லென்றிருந்தது. நகத்தால் சுரண்டினாள். விரல்நுனியில் ரத்தம் கசிந்தது. சுவர் அசையவில்லை.

கைபேசி மேலே, நூலகரின் மேசை இழுப்பறையில் இருந்தது. வேட்டை முடியும்வரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. செய்தித்தாள் கட்டுகளை அடுக்கி ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஒரு ஜோடிக் கால்கள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றன. தூசியைத் தட்டிக்கொண்டன. போய்விட்டன.

"அக்கா."

சுண்டு அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சீட்டு.

"கட்டு சரிஞ்சப்போ விழுந்துச்சு. நான் படிக்கட்டுமா?"

"வேண்டாம். கீழ போட்டுடு."

"எனக்கும் படிக்கத் தெரியும்."

"சுண்டு, சொன்னாக் கேளு. போட்டுடு, கண்ணு."

குதித்து இறங்கியதில் கால் பிசகியது. காதுகளைப் பொத்திக்கொண்டு, கண்களை இறுக்கிக்கொண்டு, பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னாள். பதினேழு, முப்பத்து நாலு, ஐம்பத்து ஒன்று. மனசுக்குள் எந்த விடைக்கும் இடம் இருக்கக் கூடாது. அறுபத்தெட்டு. எண்பத்து ஐந்து. பொத்திய விரல்களுக்கு ஊடே, எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தச் சின்னக் குரல் நுழைந்தது. பெருமையாக, ஒவ்வொரு சொல்லாக.

"உன் பின்னால்... பிறந்தவள். உன் தட்டில்... உண்டவள். நீ பயந்தால்..."

நூற்று இரண்டு.

விடை வந்துவிட்டது.

குரல் நின்றது.

கண்ணைத் திறக்காமல் நின்றாள். "சுண்டு?" என்றாள். காகிதம் தரையில் விழும் மெல்லிய சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

திறந்தாள்.

அறையின் நடுவில் சீட்டு கிடந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. கட்டுகளுக்குப் பின்னால் பார்த்தாள். அலமாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். யாரும் இல்லை. இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தேடினாள். இதுவரை தேடியது எல்லாம் கிடைத்திருக்கிறது.

பிறகுதான் சுவரைப் பார்த்தாள்.

வெயில் கட்டத்துக்குள் இரண்டு நிழல்கள். ஒன்று அவளுடையது. அதன் மார்புயரத்துக்கு இன்னொன்று. இரட்டைப் பின்னல். ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் காற்று மட்டும்தான் இருந்தது.

சின்ன நிழல் தலையைத் திருப்பி அங்குமிங்கும் தேடியது.

"இங்க இருக்கேன்டி" என்றாள். குரல் காலடியில் விழுந்தது.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெயில் கட்டம் சுவரில் மெல்ல மேலே ஏறியது. நிழலின் பாதங்கள் இருட்டுக்குள் போயின. பிறகு முழங்கால். அவள் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் சுவரை அழுத்தினாள். சுண்ணாம்புதான் உதிர்ந்தது. இடுப்பும் போனது.

இப்போது நிழலும் அவளைக் கண்டுகொண்டது. சின்ன உள்ளங்கைகள் விரிந்தன. சுவரின் அந்தப் பக்கமிருந்து அவை தட்டின. தட்டிக்கொண்டே இருந்தன. வாய் பெரிதாகத் திறந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

வெளிச்சம் கழுத்துவரை ஏறியிருந்தது.