கைதட்டல் கேட்கும் வரை

பெனினா சாக்ஸபோனை வாசிக்கத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாசிப்பது யாருடைய கை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பறிக் கருவி மண்டபத்துக் கூரையில் சிவந்து எரிந்தது. வரவேற்புக்கு வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டுகளோடு நிமிர்ந்து பார்த்தார்கள். மணப்பெண்ணின் தகப்பனார் மேடைக்கு ஓடி வந்தார்.

"அம்மா, நிறுத்திடுங்க. இது திலகராஜ் சாரோட வாசிப்புன்னு மெஷின் சொல்லுது. மண்டபத்துக்கு சீல் வெச்சுடுவாங்க."

"இது என் கைங்க."

"இருக்கலாம்மா. மெஷினுக்கு அது தெரியாதே."

பெனினா சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்தாள். இது அந்த ஆண்டில் நான்காவது முறை.

நரம்பேடு என்னும் பதிவுக் கருவி வந்த பிறகு பிறந்த சட்டம் அது. ஒருவர் வாசிக்கும்போது, காதில் விழும் ஒலிக்கு அவருடைய கையும் மூச்சும் எப்படிப் பதில் சொல்கின்றன என்பதை நரம்பிலிருந்தே பதிவு செய்துவிடலாம். அந்தப் பதிவை நரம்புவளையில் ஏற்றி இன்னொருவர் மணிக்கட்டில் மாட்டி, கழுத்தில் ஒரு மெல்லிய பட்டையையும் கட்டிவிட்டால் போதும். முதலாமவர் வாசிப்பதைப் போலவே இவரும் வாசிப்பார். எழுதி வைத்த பாட்டை மட்டுமல்ல, ஜாஸ் மாதிரி அந்த நொடியில் பிறக்கும் இசையையும்தான். திருட்டைத் தடுக்க, ஒவ்வொரு கைவாகையும் ஒருவர் பெயரில் பதிய வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. பதிந்தவரைத் தவிர வேறு யார் பொது இடத்தில் அந்தக் கைவாகில் வாசித்தாலும் ஒப்பறி காட்டிக்கொடுக்கும்.

திலகராஜ் அந்தச் சட்டத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டான். 'பேசின் பிரிட்ஜ் ஐவர்' குழுவில் அவன் பியானோ வாசித்தான், தலைவனும் அவன்தான். பெனினா ஒரே பாட்டுக்குள் சாக்ஸபோனிலிருந்து கிளாரினெட்டுக்கும், அதிலிருந்து புல்லாங்குழலுக்கும், கடைசியில் டிரம்பெட்டுக்கும் தாவுவாள். கூட்டம் அவளுக்காகத்தான் வந்தது. பதினோரு ஆண்டுகள் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தான் திலகராஜ். ஒரு நாள், "பத்திரமா இருக்கட்டும் பெனி, எல்லாருடையதையும் பதிஞ்சு வெச்சுடலாம்" என்றான். பதிவு முடிந்தது. அவளுடைய நான்கு வாத்தியங்களும் அவன் பெயரில் ஏறின. ஆறே மாதத்தில் நகரம் முழுக்க அவன் படம். நான்கு வாத்திய வித்தகர் திலகராஜ்.

பெனினா முறையிட்டாள். "பதிவேட்டுல இருக்கறதுதான் எங்களுக்கு உண்மை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வரவேற்புக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசித்தாள். பிறகு ஹமீதாவைத் தேடிப் போனாள். அன்று பதிவைச் செய்த பொறியாளர் ஹமீதா. வெற்றுப் படிவத்தில் திலகராஜ் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். வாசலில் பெனினாவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

"அழ வரல," என்றாள் பெனினா. "ஒண்ணு கேக்கணும். நான் புதுசா ஒரு வாத்தியம் பழகி, அதையும் அவன் வளையில ஏத்தினா, பழசோட கலந்துடுமா?"

"கலந்துடும்க்கா. வாத்தியத்துக்கு ஒண்ணா தனி அறை கிடையாது. ஒரே ஆளோட கைன்னா, வளைக்கு எல்லாம் ஒரே கைதான்."

"கையில ஒரு பயம் இருந்தா?"

ஹமீதாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பதினான்கு மாதங்கள் காலைதோறும் பெனினா பேஸ் கிளாரினெட் பழகினாள். ஆளுயரக் கருங்குழல், அடித்தொண்டையில் பேசும். அவள் வாசிக்கும்போது ஹமீதா ஒலிபெருக்கியில் கைதட்டலை ஓட விடுவாள். அதே நொடியில் பெனினாவின் மணிக்கட்டில் மின்சாரம் சுரீரென்று பாயும். விரல்கள் விரியும், கைகள் சரியும். மறுபடியும் வாசிப்பாள். மணிக்கட்டு கன்றிப்போனது. எட்டாம் மாதம் ஹமீதா கம்பியைக் கழற்றிவிட்டுக் கைதட்டலை மட்டும் ஓட்டினாள். பெனினாவின் கைகள் தாமாக விழுந்தன.

"போதும்க்கா. இதுக்கு மேல போனா உங்களுக்கே திரும்பாது."

"எலும்புல ஏறணும்," என்றாள் பெனினா. "நடத்து."

பழகிய கையை ஹமீதா ஒரு தகட்டில் பதிந்து கொடுத்த பிறகு அவளே திலகராஜின் வீட்டுக்குப் போனாள். அவன் கதவைத் திறந்து, அவளையும் கையிலிருந்த பதிவுத் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பேஸ் கிளாரினெட்," என்றாள் அவள். "உன் பேர்லயே பதிஞ்சுக்கோ. வெளிய வாசிக்க முடியாத கை எனக்கு எதுக்கு?"

"என்ன வேணும் உனக்கு?"

"முதல் வரிசையில ஒரு இடம்."

அவன் சிரித்தான். அவள் ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். அங்கேயே வளையில் ஏற்றி வாசித்துப் பார்த்தான். அறையில் கைதட்ட யாரும் இல்லை. கருங்குழல் அருமையாகப் பேசியது. அவன் கண் கலங்கியதைப் பார்த்தபோது பெனினாவுக்கு வெறுப்பு இன்னும் கூடியது. அழக்கூட என் இசைதான் வேண்டுமா இவனுக்கு?

அவனுடைய அடுத்த கச்சேரி அன்று மாலை ஆறு மணிக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. முதல் பாட்டில் திலகராஜ் சாக்ஸபோனில் தனியாக மேலேறி, ஒரு நீண்ட சுரத்தில் போய் நின்றான். ஜாஸ் ரசிகர்கள் பாட்டு முடியக் காத்திருப்பதில்லை. கைதட்டினார்கள். அவன் கைகள் செத்த மாதிரி விழுந்தன. சாக்ஸபோன் கழுத்து வாரில் ஊசலாடியது.

அவன் திகைத்துக் கைகளைப் பார்த்தான். கைதட்டல் ஓய்ந்ததும் புல்லாங்குழலை எடுத்தான். நான்கு சுரம். வேடிக்கை செய்கிறான் என்று நினைத்த கூட்டம் உற்சாகமாகத் தட்டியது. புல்லாங்குழல் உருண்டோடியது. சிரிப்பு எழுந்தது. கிளாரினெட் விழுந்தது, டிரம்பெட் மேடை விளிம்பில் மோதி நசுங்கியது. ஒவ்வொன்றும் விழ விழக் கைதட்டல் வலுத்தது. கடைசியில் கருங்குழலை மார்போடு அணைத்துக்கொண்டு, "தட்டாதீங்க, தயவுசெஞ்சு தட்டாதீங்க!" என்று கத்தினான். அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

முதல் வரிசையில் பெனினாவின் கைகள் மடியில் செயலற்றுக் கிடந்தன. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டுக்கணக்கான பசி ஆறியது.

அதன் பின் அவனை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. நான்கு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்திலிருந்து பெனினாவுக்குக் கடிதம் வந்தது. திலகராஜ் தானாக முன்வந்து உரிமையைத் துறந்துவிட்டான். ஐந்து வாத்தியங்களும் இனி அவள் பெயரில். அவள் மேடை ஏறினாள். கை தட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். ஆனால் நன்றாக வாசித்தால் யாராவது ஒருவர் மனம் நெகிழ்ந்து மறந்துவிடுவார். நன்றாக வாசிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்று கச்சேரிக்குப் பின் அவளும் போவதை நிறுத்திக்கொண்டாள். அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கணக்கு நேராகிவிட்டது என்று ஹமீதாவிடம் சொன்னாள்.

"அக்கா, அவர் ராயபுரத்துல வாசிக்கிறாராம்," என்றாள் ஹமீதா. "பியானோ. வளை இல்லாம."

அவன் அவமானப்படுவதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பெனினா போனாள். சின்னக் கூடம், அறுபது நாற்காலி இருக்கும். அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். வளை கிடந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. இடது கை தடுமாறியது. ஒரு திருப்பத்தில் தப்பிப்போய் மறுபடி பிடித்தான். பெனினாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனால் பிறகு, தாழ்வான இரண்டு சுரங்களை மெல்ல இடித்து இடித்து அவன் ஓர் இடத்துக்குப் போனான். அது வேறு யாருடைய வாசிப்பும் இல்லை, அவனுடையதேதான். பதினோரு ஆண்டுகள் தன் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கூடம் கைதட்டியது. அவன் நிறுத்தவில்லை.

இடைவேளையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீர் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

"நீதான் செஞ்சேன்னு அன்னிக்கே தெரிஞ்சுது," என்றான். "நான் பண்ணினதுக்கு அது சரிதான்."

"மறுபடியும் செய்வேன்."

"செய்வே." அவன் வெறும் மணிக்கட்டைத் தடவினான். "கழட்டி வெச்சதும் எனக்குப் போயிடுச்சு பெனி. உனக்கு?"

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே யாரோ அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கூட்டம் கைதட்டத் தொடங்கியது. பெனினாவின் விரல்கள் விரிந்தன. சூடான தேநீர் அவள் புடவையிலும் காலிலும் கொட்டியது. திலகராஜ் குனிந்து கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கைதட்டல் நிற்கவில்லை, அவன் மேடைக்குப் போனான்.